மைக்கட்டி விரிசல் விட்டால் போலியா?

கேள்வி: கியோத்தோவின் தோஜி கோயிலில் மாதந்தோறும் 21-ஆம் தேதி கூடும் சந்தையில் பழைய மைக்கட்டி ஒன்று வாங்கினேன் (கல்லில் நீர்விட்டு இழைத்து, தூரிகையால் எழுதும் மை). ஒரு முறைகூட இழைக்காதது, மேலே தங்க எழுத்து. பக்கவாட்டில் 5 என்ற எண்ணும், ஆங்கில 'டி' மாதிரி ஒரு குறியும் உண்டு. அலமாரியில் அழகுக்கு வைத்திருந்தேன். குளிர்காலத்தில் நடுவே விரிசல் விட்டுவிட்டது. போலியை என் தலையில் கட்டிவிட்டார்களா?
- ஒசாகா வாசகி

பதில்: விரிசலை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது சகோதரி. அலமாரிக்கு எதிரே ஹீட்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அந்த 'டி' ஆங்கிலமில்லை. 'ச்சோ' என்ற எடைக்குறி. 1 ச்சோ 15 கிராம், உங்களுடையது 75 கிராம் கட்டி.

விரிசலுக்குக் காரணம் பசை. ஜப்பானிய மைக்கட்டி என்பது எண்ணெய் விளக்கிலோ பைன் மரத்திலோ எடுத்த புகைக்கரியும் மாட்டுத்தோல் போன்றவற்றைக் காய்ச்சி எடுத்த பசையும்தான். கூடவே கொஞ்சம் வாசனை. மூக்கருகே வைத்தால் பச்சைக் கற்பூரம் போல மணக்கும். வெயில் காலத்தில் பசை கெட்டுவிடும் என்பதால், மைக்கட்டிக்குப் பேர்போன நாரா நகரில் அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் இதைச் செய்கிறார்கள். ஒரு ஜனவரியில் அங்கே ஒரு பட்டறையில் நின்று பார்த்தேன். அச்சிலிருந்து வந்த கட்டி அல்வா மாதிரி தொளதொளவென்று இருந்தது. அதை ஈரச் சாம்பலில் புதைத்தார்கள். தினமும் எடுத்து, முந்தைய நாளைவிடச் சற்றே உலர்ந்த சாம்பலுக்கு மாற்றுவார்களாம். அப்புறம் வைக்கோலில் கோத்து, உத்தரத்தில் மாதக்கணக்கில் தொங்கல். மேல்தோல் முந்திக்கொண்டு காய்ந்தால் உள்ளே இழுத்துப் பிளந்துவிடும் என்றுதான் இத்தனை பொறுமை. நீங்கள் ஒரே குளிர்காலத்தில் ஹீட்டர் காற்றைக் காட்டிவிட்டீர்கள்!

இனி 'கிரி' என்னும் லேசான ஜப்பானிய மரத்தில் செய்த பெட்டியில் போட்டு இழுப்பறையில் வையுங்கள். ஈரம் உறிஞ்சும் பொட்டலம் எதுவும் உள்ளே வேண்டாம். இரண்டாக உடைந்தாலும் பதற வேண்டாம். அதே கட்டியைக் கெட்டியாக இழைத்து, அந்த மையையே பசையாகத் தடவி ஒட்டலாம்.

ஆனால் பூட்டியே வைக்காதீர்கள். தங்க எழுத்துக்காக வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஆண்டுகள் போகப் போகப் பசையின் பிடி தளர்ந்து, மை தாளில் அழகாகக் கசியும். 'கோபொகு' என்று பழைய மையைத் தேடி அலைவதே அதற்காகத்தான். எழுத்தில்லாத முனையில் கொஞ்சம் இழைத்துப் பாருங்கள். எண்ணெய்க் கரி என்றால் கறுப்பில் பழுப்பு தட்டும், பைன் கரி என்றால் நீலம்.

இழைத்ததும் முனையைத் துணியால் ஒற்றிவிடுங்கள். நான் ஒரு ராத்திரி இழைக்கும் கல்லின் மேலேயே வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். காலையில் பலங்கொண்டு இழுத்ததில் கட்டியோடு கல்லும் பெயர்ந்து வந்தது. அந்தக் கல் மைக்கட்டியைப்போல மூன்று மடங்கு விலை.