சூத்திரம் தெரிந்தும் வேகம், தூரம், நேரக் கணக்குகள் தப்பாகின்றன. எப்படிச் சரியாகப் போடுவது?

எனக்கும் பள்ளிக்கூடத்தில் இதே தொல்லைதான். போகும்போது மணிக்கு 60 கிலோமீட்டர், திரும்பும்போது 40, சராசரி வேகம் என்ன என்று கேட்டார்கள். யோசிக்காமல் 50 என்று எழுதிவிட்டேன். சிவப்பு மையில் சுழித்த விடைத்தாள் வந்தது, காரணம் வரவில்லை. அது பிடிபட்டது, பல ஆண்டுகள் கழித்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோதுதான்.

கேள்வியில் தூரம் தரவில்லையென்றால் நாமே ஒன்றை வைத்துக்கொள்ளலாம். சென்னையிலிருந்து திண்டிவனம் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். போக 2 மணி நேரம், வர 3 மணி நேரம். மொத்தத் தூரம் 240. அதை 5 ஆல் வகுத்தால் 48. மெதுவாக வந்த வேகத்தில்தான் அதிக நேரம் கழிந்திருக்கிறது, அதனால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. இரண்டு வேகங்களையும் கூட்டிப் பாதியாக்குவது, இரண்டிலும் சமமான நேரம் பயணம் செய்திருந்தால் மட்டுமே செல்லும். எனவே எந்தக் கணக்கானாலும் முதலில் நேரத்தைக் கண்டுபிடியுங்கள். (கேள்வியில் 'வேகம்' என்றிருக்கிறதா, 'திசைவேகம்' என்றிருக்கிறதா என்றும் பாருங்கள். திசைவேகம் கிளம்பிய இடத்திலிருந்து எந்தத் திசையில் எவ்வளவு தள்ளி வந்தோம் என்பதை மட்டுமே பார்க்கும். கிளம்பிய இடத்துக்கே திரும்பிவிட்டால் சராசரித் திசைவேகம் பூஜ்யம்!)

அலகு மாற்றத்துக்கு ஒரே ஒரு ஜோடி போதும்: மணிக்கு 18 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 5 மீட்டர். 36க்கு 10, 72க்கு 20 என்று அதிலிருந்தே வந்துவிடும்.

பலரும் சறுக்குவது ரயில் கணக்கில். 24 பெட்டிகளும் இன்ஜினும் சேர்ந்த ரயில் சுமார் 600 மீட்டர் நீளம் இருக்கும். அது மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் 400 மீட்டர் பாலத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? 400ஐ 20 ஆல் வகுத்து 20 விநாடி என்று எழுதிவிடுகிறார்கள். அந்த 20வது விநாடியில் இன்ஜினின் மூக்குதான் பாலத்தின் மறுமுனையைத் தொட்டிருக்கும். கடைசிப் பெட்டி பாலத்துக்கு 200 மீட்டர் பின்னால் இருக்கும். அதுவும் தாண்டினால்தானே ரயில் கடந்ததாகக் கணக்கு? ஆக, தூரம் 1000 மீட்டர், நேரம் 50 விநாடி. இதற்கெல்லாம் சூத்திரத்தைவிடப் படம்தான் உதவும். கோணல்மாணலாகவாவது ஒரு கோடு போட்டு, அதன்மேல் ரயிலை வரைந்துவிடுங்கள்.

என் பிள்ளைகளை மடக்க நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்று. அதே திண்டிவனத்துக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். போக வரச் சராசரி 80 ஆக வேண்டுமென்றால் எந்த வேகத்தில் திரும்ப வேண்டும்? 120 என்று உடனே குரல் வரும். 240 கிலோமீட்டரை 80 வேகத்தில் முடிக்க 3 மணி நேரம்தான் இருக்கிறது. போவதற்கே அந்த 3 மணி நேரமும் தீர்ந்துவிட்டது.