தோட்டத்தில் கிடைத்த பழைய பொத்தான் எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நியூஜெர்சியில் வாங்கிய வீட்டின் தோட்டத்தில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடியபோது மூன்று உலோகப் பொத்தான்கள் கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்றில் எழுத்தே இல்லை. ஒன்றின் பின்பக்கம் 'ட்ரெபிள் கில்ட்' (மூன்று மடங்கு தங்க முலாம்), 'லண்டன்' என்று இருக்கிறது. மூன்றாவதில் நான்கு ஓட்டை. இவை பிரிட்டிஷார் ஆண்ட காலத்தவையா, எதைப் போட்டுச் சுத்தம் செய்வது என்பது கேள்வி.

சுத்தம் செய்வதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். முக்கியமாக, புளி வேண்டவே வேண்டாம்.

நான் கனெக்டிகட்டில் இருக்கிறேன். எனக்குக் கிடைத்த முதல் பொத்தானை, குத்துவிளக்கு தேய்க்கிற பழக்கத்தில், புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். பச்சைக் களிம்பு போயிற்று. அதன் அடியில் அங்கங்கே ஒட்டியிருந்த தங்க முலாமும் கூடவே போயிற்று. இருநூறு வருடம் மண்ணுக்குள் தாக்குப்பிடித்த முலாம், என் சமையலறைத் தொட்டியில் ஐந்து நிமிடத்தில் உரிந்துவிட்டது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. இப்போது நான் செய்வது இவ்வளவுதான்: பொத்தானை நன்றாக உலர விடுவேன், மேசை விளக்கின் கீழே வைத்து மூங்கில் பல்குச்சியால் மண்ணை மட்டும் நெம்பி எடுப்பேன். ஒரு பொத்தானுக்கு ஒரு மாலை முழுக்கப் போகும். போகட்டும்.

சரி, வயதுக்கு வருவோம். எல்லோரும் முன்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் திருப்பிப் போட்டுப் பாருங்கள். நூல் கோர்க்கிற காது எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பதில்தான் காலம் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு நவம்பர் காலை, சோளம் அறுத்து முடித்த வயல் ஒன்றில் தேடிக்கொண்டிருந்தேன். கல் சுவரை ஒட்டி நல்ல சிக்னல் கேட்டது. ஆறு அங்குலம் தோண்டியதும் ஒரு மண்கட்டி வந்தது. உடைத்தேன். செம்பாக இருந்தால் பச்சை தெரிய வேண்டும். தெரிந்ததோ சாம்பல் கலந்த வெள்ளி நிறம், களிம்பே இல்லை. திருப்பினேன். நடுவில் சின்னதாக ஒரு கூம்பு, கூம்பின் உச்சியில் கம்பிக் காது, காதின் துளையில் இன்னும் ஈர மண். அதைச் சுற்றி, எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் தெரியுமே, அந்த மாதிரி நெருக்கமான வட்ட வரிகள். கடைசல் பிடித்த தடம் அது. குறுக்களவு 28 மில்லிமீட்டர், கோட்டில் வைக்கிற அளவு. உள்ளே போடும் வெயிஸ்ட்கோட்டுக்கு இதைவிடச் சிறியதாகத் தைப்பார்கள்.

அந்த உலோகத்துக்கு டொம்பாக் என்று பெயர். செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை, சிலவற்றில் ஆர்சனிக்கும் கலந்திருக்கும்; அதனால்தான் அந்த வெளிறிய நிறம். அச்சில் கம்பிக் காதை நிறுத்தி, உருக்கிய உலோகத்தை அதன்மேல் ஊற்றி, ஆறியதும் கடைசல் பிடித்திருக்கிறார்கள். கூம்பும் வட்ட வரிகளும் அப்படி வந்தவை. இந்த வகை பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டின் முதல் முக்கால் பகுதியைச் சேர்ந்தது, அதாவது 1776-இல் சுதந்திரப் பிரகடனம் வருவதற்கு முந்தைய காலம். உங்கள் எழுத்தில்லாத பொத்தானின் பின்னால் கூம்பு இருந்தால் நீங்கள் நினைத்தது சரியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கூம்பு இல்லாமல், தட்டையான தகட்டில் கம்பியைப் பற்றவைத்து, அதன் இரண்டு கால்களும் வெளியே தெரிந்தால், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 19-இன் தொடக்கம் வரை எங்கு வேண்டுமானாலும் வரலாம். துல்லியமாக ஆண்டு சொல்கிறேன் என்பவரை நம்பாதீர்கள்.

இந்தப் பொத்தான்களில் பெரும்பகுதி இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை. காலனிகளிலும் செய்தவர்கள் உண்டு: 1717-இல் பிலடெல்பியாவுக்கு வந்த ஜெர்மானியர் காஸ்பர் விஸ்டர் பித்தளைப் பொத்தான் செய்துதான் முன்னுக்கு வந்தார். 'பொத்தான்' என்ற நம் சொல்லும் போர்ச்சுக்கீசியரோடு கப்பலில் வந்ததுதான். இதை நினைக்கும்போதெல்லாம் கையில் இருக்கும் பொத்தான் கொஞ்சம் நெருக்கமாகிவிடுகிறது.

இரண்டாவது பொத்தானில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 'லண்டன்' என்று இருக்கிறதே, அப்போது பிரிட்டிஷார் காலம்தான் என்று தோன்றும். நடந்தது தலைகீழ். தரத்தைச் சொல்லும் எழுத்துகள் பின்பக்கம் வருவது ஏறக்குறைய 1790-களிலிருந்துதான். பர்மிங்காமில் முலாம் பூசுகிறவர்கள் தங்கத்தைக் குறைத்து ஏமாற்றியதால் 1796-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டமே போட்டது. ஒரு அங்குலக் குறுக்களவுள்ள 144 பொத்தான்களுக்குக் குறைந்தது 5 கிரெய்ன் தங்கம் பூசினால்தான் 'கில்ட்' என்று போடலாம். 5 கிரெய்ன் என்றால் மூன்றில் ஒரு கிராமுக்கும் குறைவு. அதை 144 பொத்தான்களில் பரப்ப வேண்டும்! என் புளி எதை உரித்தது என்று இப்போது புரியும். 'ட்ரெபிள் கில்ட்' என்பது அதைவிட அதிகம் பூசினோம் என்ற விளம்பரம். ஆக, சுதந்திரம் வாங்கிய பிறகும் அமெரிக்கர்கள் இங்கிலாந்துப் பொத்தானைத்தான் மாட்டினார்கள். எங்கள் கனெக்டிகட்டின் வாட்டர்பரியில் 1802-இல் பித்தளைப் பொத்தான் தொழில் தொடங்கிய பிறகுதான் அது மெல்ல மாறியது. உங்கள் பொத்தானை 1800-ஐ ஒட்டியது முதல் 1840-க்குள் என்று வைக்கலாம். அதில் முலாம் மிச்சம் இருக்கலாம், அதனால் ஈரத்துணிகூடப் போடாதீர்கள்.

நான்கு ஓட்டை உலோகப் பொத்தான் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலோ பிறகோ வந்த கால்சட்டைப் பொத்தான். அதற்கு மேல் அதில் ஆராய ஒன்றுமில்லை.

அப்புறம், நீங்கள் இருப்பது நியூஜெர்சி, அமெரிக்கச் சுதந்திரப் போர் நடந்த மண் என்பதால் ஒன்று. வெள்ளீயக் கலவையில் வார்த்த, சாம்பல் நிறத்தில் உதிரும் பொத்தான் எப்போதாவது வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுங்கள். 'யுஎஸ்ஏ' என்ற மூன்று எழுத்தும் பின்னிக் கிடந்தால் அது வாஷிங்டனின் படைவீரர் ஒருவருடையது. வெறும் எண் இருந்தால் பிரிட்டிஷ் படைப்பிரிவாக இருக்கலாம். 1767-இல்தான் பொத்தானில் படைப்பிரிவின் எண் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. இத்தகைய பொத்தானைத் தண்ணீரில் போடவே கூடாது. 1789-இல் வாஷிங்டன் பதவியேற்றபோது விற்ற 'ஜி.டபிள்யூ.' பொத்தான்களுக்கோ நகல்கள் ஏராளம், விலை கொடுத்து வாங்கும் முன் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

இந்த ஆசையில், அந்தப் போரில் வாஷிங்டனின் படை முகாமிட்ட மோரிஸ்டவுன் பக்கம் டிடெக்டரோடு போய்விடாதீர்கள். அது நேஷனல் பார்க், உள்ளே டிடெக்டர் கொண்டுபோவதே குற்றம். மத்திய அரசின் மற்ற நிலங்களிலும் நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை அனுமதியின்றித் தோண்டியெடுப்பது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தனியார் நிலம் என்றால் கதவைத் தட்டிக் கேளுங்கள். நான் அந்தச் சோள வயலுக்குள் போனதும் அப்படித்தான். டொம்பாக் பொத்தானை அந்த வயலின் பெரியவரிடமே கொடுத்தேன். அவர் முன்பக்கத்தை ஒரு பார்வை பார்த்தார்; திருப்பி, கூம்பை விரலால் தடவியபடி வெகுநேரம் நின்றார்.

மூன்றும் தோட்டத்தில் எந்த மூலையில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தன என்று இன்றே குறித்துவையுங்கள். எழுத்தில்லாத பொத்தானின் பின்பக்கத்தைச் சாய்வான வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள், கூம்பா பற்றவைத்த கம்பியா என்று பார்த்துச் சொல்கிறேன்.