முதலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 54. மணவிலக்குப் பெற்று 16 ஆண்டுகள் ஆகின்றன. அப்போது என் மகனுக்கு 11 வயது. அன்றிலிருந்து அவனை நான் ஒருத்திதான் வளர்த்தேன். அவன் அப்பா பிறந்த நாளுக்குத் தொலைபேசியில் அழைப்பார். படிப்புச் செலவில் தன் பங்கை எப்போதும் தாமதமாகத்தான் அனுப்புவார். என்மீது கை நீட்டியதில்லை. ஆனால் வேறொரு பெண்ணுக்காக எங்களை விட்டுப் போனார். அவளையே மணந்துகொண்டார், அவர்களுக்கு 12 வயதில் ஒரு பெண் இருக்கிறாள். அவரை நான் நேரில் பார்த்து 9 ஆண்டுகள் ஆகிவிட்டன. அடுத்த மாதம் என் மகனுக்குத் திருமணம். "அப்பா குடும்பத்தோடு வருவார், அம்மா. நீ ஏதும் சொல்லிவிடாதே" என்கிறான். இத்தனை ஆண்டும் எட்டிப் பார்க்காதவர், அன்று வந்து மாப்பிள்ளையின் அப்பா என்று முன்வரிசையில் உட்காருவார். நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது. மனைவியை அழைத்துவர வேண்டாம் என்று அவரிடம் சொல்லலாமா? இல்லை, நான் போகாமலே இருந்துவிடலாமா? அவர் முகத்தில் விழிக்காமல் அந்த நாளைக் கடக்க ஒரு வழி சொல்லுங்கள்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மூன்று கேள்விகளில் முதல் இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்: கூடாது.

யாரை அழைப்பது என்பது மணமக்களின் முடிவு. அவர்கள் அழைத்தாயிற்று. இப்போது அதை மாற்றச் சொன்னால், உங்கள் மகன் தந்தையிடம் போய், "அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, நீங்கள் மட்டும் வாருங்கள்" என்று கெஞ்ச வேண்டிவரும். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது எந்த மாப்பிள்ளைக்கும் அந்த வேலை வேண்டாம்.

போகாமல் இருப்பது இன்னும் மோசம். "அம்மா எங்கே?" என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். அன்று முழுக்க அவன் ஏதாவது பொய் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். தவிர, எனக்கு ஒன்று புரியவில்லை. விட்டுப் போனவர் அவர். அப்படியிருக்க, நாற்காலியைக் காலி செய்கிறவர் நீங்களா?

மூன்றாவது கேள்விக்குத்தான் நிறைய எழுத வேண்டியிருக்கிறது. அவர் முகத்தில் விழிக்காமல் இருக்க வழி கேட்கிறீர்கள். நான் நேர்மாறாகச் சொல்கிறேன். திருமணத்துக்கு முன்பே ஒருமுறை அவரைப் போய்ப் பார்த்துவிடுங்கள்.

9 ஆண்டுகளாக நேரில் பார்க்காத ஒருவரோடு மனத்துக்குள் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். உள்ளே இருக்கும் அந்த ஆளுக்கு வயதாவதே இல்லை. கிளம்பிப் போன அன்று எந்தச் சட்டையைப் போட்டிருந்தாரோ, அதே சட்டையில்தான் இன்றும் வாசலில் நிற்கிறார். இப்படியே விட்டால், அவரை நீங்கள் முதன்முதலாகப் பார்க்கப்போகும் இடம் கல்யாண மண்டபம். அத்தனை விளக்குகள் எரியும். உங்கள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதற்காகவே நாலு பேர் கழுத்தைத் திருப்பி உட்கார்ந்திருப்பார்கள். எவ்வளவு திடமான மனுஷிக்கும் அது பெரிய சோதனை.

இதை அனுபவப்பட்டுத்தான் சொல்கிறேன். என் மகள் திருமணத்தின்போது அவள் அப்பாவை நான் பார்த்து 7 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த 7 ஆண்டுகளில் அவரிடம் சொல்வதற்காக ஒரு வாக்கியத்தை உருப்போட்டு, தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தேன். படம் எடுக்கிறவர், "அப்பாவும் அம்மாவும் பெண்ணுக்கு இரண்டு பக்கமும் வாருங்கள்" என்றார். போய் நின்றேன். அவர் காதில் மட்டும் விழும்படி அதைச் சொன்னேன். நடுவில் நின்றவள் மகள். அவளைத் தாண்டாமல் அது எப்படி அவர் காதுக்குப் போகும்? அதே நொடியில் கேமராவும் மின்னியது. அந்தப் படத்தில் அவர் தரையைப் பார்க்கிறார். நான் சிரிக்கிறேன். மகளின் உதடுகள் சிரிப்பில்தான் இருக்கின்றன. கண்கள் மட்டும் என் பக்கம் திரும்பியிருக்கின்றன. அது யார் வீட்டுச் சுவரிலும் மாட்டப்படவில்லை. என் மேசை இழுப்பறையில், பழைய ரசீதுகளுக்கு அடியில் கிடக்கிறது. அந்த வாக்கியம் என்ன என்பதை இங்கே எழுதப்போவதில்லை. நன்றாக அமைந்த வாக்கியம்தான், கேடே அதுதான்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, பேத்தி பிறந்த அன்று, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அவரை மறுபடி பார்த்தேன். மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்று ஒவ்வொரு பையாகத் தட்டித் தட்டித் தேடிக்கொண்டிருந்தார். கண்ணாடி நெற்றிக்கு மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. என் கோபம் அப்போதும் போய்விடவில்லை. ஆனால் யார்மீது அத்தனை கோபமோ அந்த ஆள் அங்கே இல்லை. இந்தக் காட்சியைக் கல்யாணத்துக்கு முன்பே பார்த்திருந்தால் அந்தப் புகைப்படம் வேறு மாதிரி வந்திருக்கும்.

ஆகவே அவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். "திருமணம் பற்றி நான்கு விஷயங்கள் பேசி முடிவு செய்ய வேண்டும். அரை மணி நேரம் போதும். அடுத்த வாரம் எந்த நாள் உங்களுக்குச் சரிப்படும்?" இவ்வளவுதான். நலம் விசாரிக்க வேண்டாம். பழையதைக் குத்திக்காட்டவும் வேண்டாம். பகல் நேரமாக, நாலு பேர் வந்துபோகிற இடமாக இருக்கட்டும். உங்கள் வீடும் வேண்டாம், அவர் வீடும் வேண்டாம். துணைக்கு அக்காவையோ தோழியையோ அழைத்துப் போகலாம், ஆனால் துணைக்கு வருகிறவர் சற்றுத் தள்ளி உட்காரட்டும். உங்கள் மகனின் அப்பா நேரில் வர மறுத்தால், முகம் பார்த்துப் பேசும்படி கைபேசியிலாவது பேசிவிடுங்கள். முகத்தைப் பார்த்துவிடுவதுதான் இதில் பாதி வேலை.

கை நீட்டியதில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதால்தான் இதைத் துணிந்து சொல்கிறேன். அடித்தவர், மிரட்டியவர் என்றால் இந்த யோசனை அறவே பொருந்தாது. அந்த நிலையில் இருக்கும் வாசகிகள் தனியே சந்திக்கவே கூடாது. எல்லா ஏற்பாட்டையும் வேறொருவர் மூலமாகச் செய்துகொள்வதுதான் சரி.

சந்திப்பில் நெஞ்சு படபடக்கும். தம்பதிகளின் பேச்சையும் சண்டையையும் பல ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் வைத்துக் கவனித்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், வாக்குவாதத்தில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிராளி பேசுவது மனத்தில் ஏறாது என்கிறார். அந்தக் கொதிப்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது ஆகுமாம். முகத்தைக் கழுவிக்கொண்டு இரண்டு நிமிடத்தில் திரும்பி வருவது அதனால்தான் பலிப்பதில்லை. சந்திப்பின்போது அப்படி ஆனால், "மீதியை நாளை பேசலாம்" என்று எழுந்துவிடுங்கள். திருமணத்தன்று ஆனால், மணமகன் அறையிலோ மண்டபத்துக்கு வெளியிலோ முழுதாக 20 நிமிடம் இருந்துவிட்டு வாருங்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஆயிரம் வேலை இருக்கும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

பேச வேண்டிய நான்கும் என்ன? அழைப்பிதழ், உட்காரும் இடம், வாசலில் நின்று வரவேற்பது, புகைப்படம். முதல் மூன்றும் சுலபம். அழைப்பிதழில் இருவர் பெயரும் தனித்தனி வரியில், தனித்தனி மனிதர்களாக வரட்டும். 'திரு - திருமதி' என்று ஒரே மூச்சில் சேர்த்து அச்சிட்டுவிட்டு நான் பட்ட பாடு போதும். முன்வரிசையில் இருவருக்கும் நடுவே உங்கள் சொந்தபந்தம் இரண்டு பேர் உட்காரலாம். வரவேற்பில் அவர் தரப்பு விருந்தினரை அவர் பார்த்துக்கொள்ளட்டும், உங்கள் தரப்பை நீங்கள். இருவரும் சேர்ந்து நின்றே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

புகைப்படத்துக்குத்தான் முன்யோசனை தேவை. அங்கேதான் யாரோ ஒரு மூன்றாம் மனிதர், ஒன்றும் தெரியாமல், உங்கள் இருவரையும் கையைக் காட்டிக் கூப்பிடுகிறார். ஆகவே எந்தெந்தப் படத்தில் யார் யார் என்று ஒரு தாளில் எழுதி, படம் எடுக்கிறவரிடம் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். மணமக்களோடு நீங்கள், மணமக்களோடு அவரும் அவர் குடும்பமும், மணமக்களோடு நீங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம். அந்த மூன்றாவது படத்தைத் தவிர்க்காதீர்கள். அதை உங்கள் மகன் வாய்விட்டுக் கேட்க மாட்டான், ஆனால் அவனுக்கு அது வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது. வாயைத் திறக்காமல் நில்லுங்கள். என் அனுபவத்தில் அது ஒன்றே போதும்.

"நீ ஏதும் சொல்லிவிடாதே" என்று மகன் சொன்னது உங்களைச் சுட்டிருக்கிறது. எழுத்திலேயே தெரிகிறது. அதை நான் வேறு மாதிரி கேட்கிறேன். அவனுக்கு இப்போது 27 வயது. அந்த வாக்கியத்தைச் சொன்னவன், இரண்டு பேருக்கும் நடுவே கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற 11 வயதுப் பையன். 16 ஆண்டுகளாக அந்தக் கதவை அவன் விடவே இல்லை. அமெரிக்காவில் கான்ஸ்டன்ஸ் ஆரன்ஸ் என்ற சமூகவியலாளர், பிரிந்துபோன 98 தம்பதிகளின் வாழ்க்கையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். 20 ஆண்டுகள் கழித்து, வளர்ந்து ஆளாகிவிட்ட அவர்கள் பிள்ளைகள் 173 பேரிடம் பேசினார். பிரிந்த பிறகு பெற்றோர் ஒருவரோடொருவர் எப்படி நடந்துகொண்டார்கள் என்பது அத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்தப் பிள்ளைகளைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. நீங்கள் அவரோடு சிநேகிதமாக வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆரன்ஸ் பார்த்த தம்பதிகளிலும் நண்பர்களாகவே இருந்தவர்கள் சிறுபான்மைதான். ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களைப் போல, காரியத்தை மட்டும் பேசி முடித்துக்கொண்டு போனவர்கள் இன்னொரு வகை. உங்களுக்கு அது போதும். பேச வேண்டியதை நேராக அவரிடமே பேசிவிட்டு, "அப்பாவோடு எல்லாம் முடிவு செய்துவிட்டேன், நீ கவலைப்படாதே" என்று மகனிடம் ஒரு வரி சொல்லிப் பாருங்கள். அவன் தோள் இறங்குவதை நீங்களே பார்ப்பீர்கள்.

மன்னித்துவிடுங்கள் என்று நான் சொல்லவே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது உங்கள் சொந்த விஷயம். கல்யாணத் தேதிக்குள் முடித்துத் தர வேண்டிய வேலைகளின் பட்டியலில் அது கிடையாது. 16 ஆண்டு உழைப்பு உங்களுடையது. மரியாதையில் சரிபாதியை அவர் வாங்கிக்கொண்டு போவார் என்ற வயிற்றெரிச்சலும் நியாயமானதே. அதற்கு ஈடாக உங்கள் மகனிடம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திருமணத்தன்று காலை, மற்றவர்கள் வருவதற்கு முன், அவனும் நீங்களும் மட்டும் அரை மணி நேரம். வேறு யாருக்கும் அதில் பங்கு வேண்டாம். கேட்டால் தருவான். கேட்காவிட்டால் அந்த அமளியில் அவனுக்குத் தோன்றக்கூட நேரமிருக்காது.

சொந்தக்காரர்களில் ஊதிவிடுகிறவர்கள் சிலர் இருப்பார்கள். "அவளைப் பார்த்தாயா, என்ன தைரியமாக வந்து உட்கார்ந்திருக்கிறாள்!" என்று காதோரம் வந்து சொல்வார்கள். உங்கள்மேல் அக்கறை என்றுதான் அதற்குப் பெயர் வைத்துக்கொள்வார்கள். "வந்ததில் மகனுக்குச் சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு நகருங்கள். இரண்டாவது முறையும் அதே வாக்கியம், மூன்றாவது முறையும் அதே. அவர்களுக்கே அலுத்துவிடும். அவர் மனைவிக்கு ஒரு தலையசைப்பும் "வாருங்கள்" என்ற ஒரு சொல்லும் போதும். அதற்கு மேல் யாரும் உங்களிடம் எதிர்பார்க்கக் கூடாது.

விழா முடிந்த இரவைப் பற்றியும் யோசித்து வையுங்கள். மகன் தன் மனைவியோடு கிளம்பிவிடுவான். அவர் தன் மனைவியோடும் மகளோடும் காரில் ஏறுவார். நீங்கள் வீட்டுக்குப் போய் விளக்கைப் போடும்போதுதான், நாள் முழுக்க அடக்கி வைத்ததெல்லாம் வந்து நிற்கும். அன்றிரவு உங்களோடு தங்க யாரையாவது இப்போதே சொல்லி வையுங்கள். அதிகம் கேள்வி கேட்காதவராக இருந்தால் நல்லது.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் அரை வரியில் வந்துபோகிற அந்த 12 வயதுப் பெண். இந்தக் கதை எதிலும் அவளுக்குப் பங்கில்லை. நடந்தபோது அவள் பிறக்கவே இல்லை. கல்யாணம் அவள் அண்ணனுடையது. உங்களைப் பற்றி அவள் வீட்டில் என்ன கேட்டு வளர்ந்திருக்கிறாளோ தெரியாது. அன்று நீங்கள் எந்தப் பக்கம் போனாலும் அவள் கண்கள் உங்கள் பின்னாலேயே வரும், ஏறக்குறையப் பயத்தோடு. அவளிடம் மட்டும் நீங்களாகப் போய்ப் பேசுங்கள். பெயரைக் கேளுங்கள், எத்தனையாவது படிக்கிறாய் என்று கேளுங்கள்.

திருமணம் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். அவர் என்ன செய்தார் என்பதை எழுதாவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் பெண் உங்களிடம் என்ன பேசினாள் என்பதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.