மான்செஸ்டரில் சோபிக்காத மிகிதரியான் இத்தாலியில் எப்படி நிலைத்தார்?

வேகத்தை நம்பிப் பிழைத்தவர் அல்ல என்பதுதான் காரணம்.

ஆர்மீனியாவின் கால்பந்து வீரர் ஹென்ரிக் மிகிதரியான் உள்ளூர் பியூனிக் அணியில் தொடங்கி உக்ரைன் போனவர். 2012-13 பருவத்தில் ஷக்தார் டொனெட்ஸ்க் அணிக்காக லீக்கில் 25 கோல் அடித்தார். நடுக்கள வீரர் ஒருவருக்கு இது அசாத்தியக் கணக்கு. பிறகு ஜெர்மனியின் டார்ட்மண்ட், 2016இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட். அங்கே பயிற்சியாளர் மொரின்யோ அவரை அடிக்கடி வெளியே உட்காரவைத்தார். ஆனாலும் சோபிக்கவே இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். 2016 டிசம்பரில் சண்டர்லாந்துக்கு எதிராகப் பந்து முதுகுக்குப் பின்னால் போய்விட, முன்னோக்கிப் பாய்ந்தபடி குதிகாலால் அதை வலைக்குள் தள்ளினார். (ஆஃப்சைடுதான், நடுவர் கவனிக்கவில்லை!) ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூரோப்பா லீக்கின் 2017 இறுதியில் அயாக்ஸுக்கு எதிரான இரண்டாவது கோலும் அவருடையதே.

பிறகு லண்டனின் ஆர்சனல் அணியில் இருந்தபோது நடந்ததுதான் கொடுமை. ஆர்சனல் ஆடிய 2019 யூரோப்பா இறுதிப் போட்டி அஜர்பைஜானின் பாகுவில் நடந்தது. அஜர்பைஜானுக்கும் ஆர்மீனியாவுக்கும் இருந்த பகையால், பாதுகாப்பு கருதி அவர் போகவில்லை.

அதே ஆண்டு இத்தாலியின் ரோமா அணிக்குச் சென்றார். அங்கும் மொரின்யோ பயிற்சியாளராக வந்து சேர்ந்தார். இம்முறை இருவருக்கும் ஒத்துப்போனது, 2022இல் கான்ஃபரன்ஸ் லீக் கோப்பையும் கிடைத்தது. அந்த ஆண்டே தேசிய அணியிலிருந்து ஓய்வுபெற்று இன்டர் மிலானில் சேர்ந்தார். அங்கே பயிற்சியாளர் இன்சாகி அவரைச் சற்றுப் பின்தள்ளி ஆடவைத்தார். இடைவெளியை முன்கூட்டியே கணித்து ஓடுபவருக்கு அது தோதான இடம். 2023 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் ஏசி மிலானுக்கு எதிராக அவர் கோல் அடித்தபோது வயது 34.