தானாகப் பணம் பிடிக்கச் சம்மதம் தரும் முன்

கேள்வி: மலேசியாவில் பகாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அப்பா வேலை செய்கிறார். அம்மா பெயரில் காப்புறுதி எடுக்கச் சொல்லி முகவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். மாதம் 85 வெள்ளி (ரிங்கிட்), அப்பாவின் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்வார்களாம். "மைடிஜிட்டல் ஐடியில் அடையாளத்தை உறுதி செய்துவிட்டு டேப்லெட்டில் கையெழுத்துப் போட்டால் போதும், வங்கிக்கே போக வேண்டாம்" என்கிறார். போடலாமா? பிறகு நிறுத்த முடியுமா?

பதில்: போடலாம், நிறுத்தவும் முடியும். ஆனால் முகவர் ஒரே மூச்சில் சொன்னதில் மூன்று காரியங்கள் கலந்திருக்கின்றன.

அரசின் டிஜிட்டல் அடையாளமான மைடிஜிட்டல் ஐடி, "இவர் இன்னார்தான்" என்று தேசியப் பதிவிலாகாவின் பதிவோடு ஒப்பிட்டு உறுதி செய்கிறது. அதைக் காட்டியதை வைத்து மட்டும் யாரும் அப்பாவின் கணக்கில் கை வைக்க முடியாது.

டேப்லெட்டில் போடும் கையெழுத்து காப்புறுதி விண்ணப்பத்துக்கானது. விரலால் கிறுக்கியதுதானே என்று விட்டுவிடாதீர்கள். 2006ஆம் ஆண்டு மின்னியல் வணிகச் சட்டப்படி அதுவும் செல்லும். 1997ஆம் ஆண்டு டிஜிட்டல் கையொப்பச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற நிறுவனம் தரும் சான்றிதழோடு போடுவது இன்னும் உறுதியானது. பிறகு யாராவது 85ஐ 185 ஆக்கினால், சரிபார்க்கும்போது அந்தக் கையொப்பம் காட்டிக்கொடுத்துவிடும். எதுவானாலும் முகவர் எழுந்து போவதற்குள் கையெழுத்திட்ட ஆவணத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

பணம் நகர்வது மூன்றாவதில்தான், அதாவது வங்கிக்குத் தரும் அனுமதியில். கணக்கு அப்பாவுடையது, ஆகவே அவர்தான் தர வேண்டும். அம்மா தர முடியாது. பழைய முறையில் தாள் படிவம் நிரப்புவார்கள். கணக்குத் திறந்தபோது போட்ட கையெழுத்தோடு ஒத்துப்போகாவிட்டால் படிவம் திரும்பிவிடும். எஃப்பிஎக்ஸ் என்ற இணையக் கட்டண முறை வழியாக என்றால் அப்பா தன் இணைய வங்கிக்குள் நுழைந்து சம்மதிக்க வேண்டும். சரிபார்ப்புக்காக 1 வெள்ளி பிடிப்பார்கள். தானாகப் பணம் பிடிக்கும் இன்னொரு வசதியான டுயிட்நவ் ஆட்டோடெபிட் என்றால் சம்மதம் கேட்டு வங்கிச் செயலிக்கே கோரிக்கை வரும்.

அந்தத் திரையை அவசரப்படாமல் வாசித்துக் காட்டுங்கள். பணம் பெறுபவர் இடத்தில் காப்புறுதி நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டும். முகவரின் சொந்தப் பெயரோ கேள்விப்படாத ஏதோ கம்பெனியோ இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அடுத்து உச்சவரம்பு. பலர் இதைக் கவனிப்பதில்லை. மாதம் 85 வெள்ளி என்று பேசியிருப்பார்கள், திரையில் 500 என்று இருக்கும். அதை ஏற்றுக்கொண்டால், 500 வரை எடுக்க வங்கி தடை சொல்லாது. சந்தா கொஞ்சம் கூடலாம் என்பதற்காக இடம் விடுவது நியாயம்தான். 100 போதும் என்பது என் கருத்து. மாதம் ஒரு முறையா, எந்தத் தேதிவரை என்பதையும் பாருங்கள்.

தேதியிலும் ஒரு விஷயம் இருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து 7 நாள்களுக்குள் சம்பளம் போட வேண்டும். தோட்டத்தில் 7ஆம் தேதி போடுகிறார்கள் என்றால், 1ஆம் தேதி பணம் பிடிக்கச் சொல்வது வம்பு. கணக்கில் காசு இல்லாமல் திரும்பினால் காப்புறுதியே காலாவதியாகும் நிலை வரலாம். 10ஆம் தேதிக்குமேல் வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

முகவரின் கைப்பேசியில் அப்பாவின் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம். கடவுச்சொல்லைச் சொல்லவும் கூடாது, "நானே போட்டுத் தருகிறேன் அண்ணே" என்று எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் சரி. வாட்சப்பில் வரும் இணைப்பிலிருந்து எந்தச் செயலியையும் இறக்காதீர்கள்.

டுயிட்நவ் ஆட்டோடெபிட் அனுமதியை வங்கிச் செயலியிலேயே பார்க்கலாம், ரத்தும் செய்யலாம். தாள் படிவம் என்றால் வங்கிக் கிளைக்குப் போய் எழுதிக் கொடுங்கள். அப்புறம், பணம் பிடிப்பதை நிறுத்தினால் காப்புறுதி ஒப்பந்தம் முறையாக ரத்தாகிவிடாது. நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆயுள் காப்புறுதி என்றால், ஆவணம் கைக்கு வந்த 15 நாள்களுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம்.

சம்மதிக்காத தொகை கழிந்திருந்தால் உடனே வங்கியைக் கூப்பிடுங்கள். மோசடி என்று தெரிந்தால் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கும் தாமதிக்காமல் அழையுங்கள். வங்கி தரும் பதிலில் திருப்தி இல்லையென்றால், 2025 ஜனவரி முதல் செயல்படும் நிதிச் சந்தை ஓம்பட்ஸ்மன் (குறைதீர்ப்பு) சேவையிடம் புகார் கொண்டுபோகலாம். அதற்கு வங்கியின் பதில் எழுத்தில் இருப்பது நல்லது, கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.