நம்பர் பிளேட் இல்லாத சீன ஸ்கூட்டர்: கேட்டவையும் பதிலும்

திருப்பூரிலிருந்து: சார், கடையில் சீன மின்சார ஸ்கூட்டர் ஒன்றைக் காட்டி, "லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. வேண்டாம்" என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

அப்படி ஒரு விலக்கு நிஜமாகவே உண்டு. மோட்டார் தொடர்ந்து 30 நிமிடம் தரக்கூடிய திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால் அது சட்டப்படி மோட்டார் வாகனமே இல்லை. பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எதுவும் தேவையில்லை. ஆனால் அதைக் கடைக்காரர் சொன்னால் செல்லாது. புனே ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசர் ஐகேட், நம் ஒரகடத்தில் இருக்கும் ஜி.ஏ.ஆர்.சி. போன்ற ஒரு சோதனை மையம் அந்த மாடலைப் பார்த்துச் சான்று தந்திருக்க வேண்டும். நகலைக் கேளுங்கள். "அப்புறம் வாட்ஸ்அப்பில் அனுப்புறேன்" என்றால் வேறு கடை பாருங்கள்.

கோவையிலிருந்து: அண்ணா, என் வண்டிக்குச் சான்று இருக்கிறது. மெக்கானிக் ஏதோ ஒரு ஒயரைக் கழற்றினார், இப்போது 45 போகிறது. பிரச்சினை வருமா?

வரும் தம்பி. மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் பெட்டியிலிருந்து வரும் ஒயர்க் கட்டில் வேகத்தைக் கட்டிப்போடும் ஒயர் தனியாக இருக்கும். பல மாடல்களில் வெள்ளை நிறம், சின்னக் கப்ளரில் மாட்டியிருக்கும். அதைக் கழற்றி வேகம் கூடியதுமே உங்கள் விலக்கு போச்சு. பிடித்தால் பதிவில்லாததற்கு 5,000 ரூபாய் வரை, லைசென்ஸ் இல்லையென்றால் இன்னொரு 5,000, இன்சூரன்ஸுக்கு 2,000. 2023ல் கேரள மோட்டார் வாகனத் துறை ஷோரூம்களிலேயே நுழைந்து இப்படி மாற்றிய வண்டிகளைப் பிடித்தது. அபராதம்கூடப் பரவாயில்லை, யார் மேலாவது மோதிவிட்டால் நஷ்டஈடு முழுக்க உங்கள் தலையில். இன்றைக்கே ஒயரை மாட்டச் சொல்லுங்கள்.

அதே நண்பர்: மாற்றி விற்கிற கடைக்காரருக்கு ஒன்றும் கிடையாதா?

உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 182ஏ இறக்குமதியாளர், டீலர் இருவரையும் பிடிக்கும். வண்டி ஒன்றுக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

நாகர்கோவிலிலிருந்து: துபாயில் இருக்கும் மச்சான் புது மின்சார மொபெட் ஒன்றைக் கன்டெய்னரில் போட்டு அனுப்பட்டுமா என்கிறார். இங்கே பதிவு செய்துவிடலாமா?

கஸ்டம்ஸ் தீர்வை கட்டிய ரசீதோடு வேலை முடியாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு விண்ணப்பமான படிவம் 20, விற்பனைச் சான்றான படிவம் 21, உற்பத்தியாளர் தரும் தகுதிச் சான்றான படிவம் 22, இவற்றோடு கஸ்டம்ஸ் கிளியரன்ஸும் கேட்பார்கள். கம்பெனி இந்தியாவில் அந்த மாடலுக்கு ஒப்புதலே வாங்காதபோது படிவம் 22க்கு எங்கே போவீர்கள்? ஓட்டிய வண்டியென்றால் இன்னும் சிரமம். மூன்று வருடத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது, மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். மச்சானிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மதுரையிலிருந்து: ஒன்பதாவது படிக்கும் மகளுக்கு வாங்கித் தரலாமா?

சான்றுள்ள 25 கி.மீ. வண்டியென்றால் மோட்டார் வாகனச் சட்டம் தடுக்காது. ஹெல்மெட்டும் சட்டம் கேட்காது, ஆனால் நீங்கள் கேளுங்கள். சான்றில்லாத வண்டியாக இருந்தால் பெற்றோருக்கே 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை. மகளுக்கும் 25 வயதுவரை லைசென்ஸ் கிடைக்காது.

கார் லைசென்ஸ் வைத்திருப்பவர்: பதிவு செய்த மின்சார ஸ்கூட்டரை அதை வைத்தே ஓட்டலாமா?

கூடாது. கியர் இல்லாத இருசக்கர வாகனத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

சேலத்திலிருந்து: பச்சை பிளேட் கட்டாயமா?

பதிவான மின்சார வண்டி எல்லாவற்றுக்கும் பச்சைதான். சொந்த வண்டிக்கு வெள்ளை எழுத்து, வாடகை வண்டிக்கு மஞ்சள். பதிவுக் கட்டணம் 2021 முதல் கிடையாது. புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் எடுத்தே ஆக வேண்டும்.