ஜார்ஜியாவில் மாமா என்றால் அப்பா

அக்கா மகள் ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் மருத்துவம் படித்தாள். அந்தச் சாக்கில் மூன்று முறை போய்த் தங்கியிருக்கிறேன். கருங்கடல் ஓரத்து ஜார்ஜியாவைச் சொல்கிறேன், அமெரிக்க மாநிலத்தை அல்ல. கிளம்பப் போகிறவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா?

திபிலிசியில் இளைஞர்களிடம் ஆங்கிலம் செல்லும். 1991 வரை சோவியத் ஒன்றியத்தில் இருந்ததால் பெரியவர்களுக்கு ரஷ்ய மொழி தெரியும். ஆனால் ரஷ்யாவுடன் நடந்த 2008 போரை யாரும் மறக்கவில்லை. எடுத்த எடுப்பில் ரஷ்ய மொழியில் பேசினால் சிலர் முகம் மாறும். வணக்கத்துக்கு 'கமார்ஜோபா', நன்றிக்கு 'மத்லோபா', இரண்டும் போதும். எழுத்து மொத்தம் 33, எல்லாம் ஜிலேபி சுற்றியதுபோல இருக்கும்.

ஒரு குழப்பத்துக்குத் தயாராக இருங்கள். அங்கே 'மாமா' என்றால் அப்பா. அக்கா மகள் என்னை மாமா, மாமா என்று கூப்பிட, வீட்டுக்கார அம்மாள் இரண்டு நாள் என்னை அவள் அப்பாவாகவே நினைத்து, பெண்ணை ஒழுங்காகச் சாப்பிடவைக்கவில்லை என்று திட்டினார். 'பூரி' என்றால் ரொட்டி. ஆசையாகக் கேட்காதீர்கள், மண் அடுப்பில் சுட்ட நீள ரொட்டிதான் வரும்.

வீட்டு விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்ன செய்ய வேண்டும்?

பூ வாங்கிப் போங்கள், ஒற்றைப்படையில். இரட்டைப்படைப் பூ சாவு வீட்டுக்கு.

அந்த விருந்துக்கு 'சுப்ரா' என்று பெயர். மேசையில் இருக்கும் தட்டைக் காலி செய்வதற்குள் அதன்மேலேயே இன்னொரு தட்டை அடுக்குவார்கள். நடுவில் 'தமாதா' என்று ஒருவர் இருப்பார்; விருந்தை நடத்துபவர் அவர்தான். அவர் எழுந்து பேசி முடித்து 'கௌமார்ஜோஸ்' என்ற பிறகுதான் கோப்பையைத் தூக்க வேண்டும். முந்திக்கொண்டு நீங்களாகக் குடிப்பது மரியாதையில்லை. அமைதிக்கு, நாட்டுக்கு, பெற்றோருக்கு, குழந்தைகளுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பேச்சு. இறந்தவர்களுக்கு என்று வரும்போது மேசையே அடங்கிவிடும். நான் போன வீட்டில் தமாதா போன வருடம் இறந்த தன் அண்ணனைப் பற்றிப் பேசினார். ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை, கண் கலங்கிவிட்டது. திடீரென்று உங்கள் பக்கம் திரும்பி 'அலவெர்தி' என்றால் அடுத்துப் பேச வேண்டியது நீங்கள். நான் தமிழிலேயே இரண்டு வாக்கியம் பேசினேன். கைதட்டினார்கள்!

நான் குடிப்பதில்லை. கோபித்துக்கொள்வார்களா?

மாட்டார்கள், ஆனால் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பழச்சாற்றை ஏந்திக்கொண்டு பேச்சைக் கேட்டால் போதும். கொம்புக் கோப்பையை மட்டும் கையில் வாங்கிவிடாதீர்கள், காலி செய்யாமல் கீழே வைக்க முடியாது. குடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மண்ணில் கழுத்துவரை புதைத்த 'க்வேவ்ரி' தாழியில் ஊறிய திராட்சை மது அது. இந்த முறையை 2013இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வீட்டு மது மெதுவாகத்தான் வேலையைக் காட்டும்.

சுத்த சைவம். பட்டினிதானா?

'சமார்க்வோ' என்று கேளுங்கள். கிறிஸ்தவ விரத நாட்களுக்கான உணவு. இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது, ஆனால் சில சமயம் மீன் வரும், விசாரித்துக்கொள்ளுங்கள். கத்தரிக்காயில் வால்நட் விழுது தடவிச் சுருட்டியது, 'லோபியோ' என்ற பீன்ஸ் குழம்பு, சோள ரொட்டி. எனக்குக் கத்தரிக்காய் ஒன்றே போதும்.

கஸ்பெகி மலைக்கு வேனில் போகலாமா?

திபிலிசியின் திதுபே நிலையத்தில் 'மார்ஷ்ருத்கா' வேன் கிடைக்கும், சுமார் மூன்று மணி நேரம். வழியில் தேவாலயம் தென்பட்டால் ஓட்டுநர் மூன்று முறை சிலுவை போடுவார், வளைவானாலும் சரி. முன் சீட்டில் உட்காராதீர்கள். மலைமேல் இருக்கும் கெர்கெத்தி தேவாலயத்துக்குள் பெண்கள் தலையை மூடிக்கொண்டு போக வேண்டும், ஆண்களுக்கு அரைக்கால் சட்டை ஆகாது.

கடைக்காரர்கள் சிரிக்கவே மாட்டார்களாமே?

மாட்டார்கள். எங்கள் தெரு ரொட்டிக்கடைப் பெண்மணி மூன்று நாள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான்காம் நாள் ஒரு ரொட்டிக்குக் காசு நீட்டினேன். இரண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, ஒன்றுக்கு மட்டும் காசு எடுத்துக்கொண்டார். அப்போதும் சிரிக்கவில்லை.